குதிரைக்குச் சட்டம், ஜாக்கிக்கு அறிவுரை

லவ்டேல் பக்கத்து முகாமில் ஓட்டக்காரர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களோடு வேலை பார்க்கிற என் மகள் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள், சோற்றைப் பிசைந்துகொண்டே சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன். முகாமில் வாக்குவாதம் என்றாள். சம்பளத்துக்கும் பரிசுக்கும் ஓட வருகிறவர்கள் கட்டாயம் தடுப்பூசி போட்டிருக்க வேண்டுமா, காய்ச்சல் வந்தவரை எத்தனை நாள் நிறுத்தி வைப்பது என்று கூட்டம் போட்டுப் பேசினார்களாம். கடைசியில் பெரிய பயிற்சியாளர் எழுந்து, "எல்லாரும் வளர்ந்தவங்க. அவங்கவங்க உடம்பு அவங்கவங்களுக்குத் தெரியும். முடியலைன்னா சொல்லட்டும்" என்று முடித்துவிட்டாராம். நீங்களும் தலையாட்டிவிட்டு வந்தீர்களாம்.

அதற்குப் பிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை. இதே வார்த்தையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அது என்ன செய்தது என்பதையும் பார்த்திருக்கிறேன். நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். மருந்து பற்றி உங்களுக்குச் சொல்லித்தர எனக்குத் தகுதி இல்லை. ஆனால் உடம்பை வைத்துப் பிழைக்கிற ஆட்களின் நடுவில் என் வேலைக்காலம் முழுவதும் இருந்தவன். அந்த ஒரு தகுதியில் எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை, பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கிகளின் அறையில். ஊட்டியில் சீசன் பந்தயம் நடக்கும் மாதங்களில் சமவெளியிலிருந்து குதிரைகளும் ஜாக்கிகளும் மேலே வருவார்கள். அவர்களுடைய சேணம், பூட்ஸ், வண்ணச் சட்டை எல்லாம் என் பொறுப்பு. சீசன் முடிந்தால் அவர்களோடு கீழே இறங்கிவிடுவேன்.

ஜாக்கிக்கு எதிரி எடைதான். சேணத்தோடு சேர்த்து இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று குதிரைக்குக் குதிரை கணக்கு உண்டு. அரைக் கிலோ கூடினாலும் சவாரி வேறு ஆளுக்குப் போய்விடும். அதனால் சாப்பிட மாட்டார்கள், தண்ணீர் குடிக்க மாட்டார்கள், கம்பளி மேல் கம்பளி போட்டுக்கொண்டு ஓடி வேர்வை எடுப்பார்கள். சமவெளியில் அது சுலபம். இந்தக் குளிரில் எங்கே வேர்க்கும்? அதற்கு இங்கே ஒரு வழி வைத்திருந்தார்கள். ஜெகதளா பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலை காயவைக்கிற டிரையர் உண்டு. மேஸ்திரியைச் சரிக்கட்டிக்கொண்டு சாயங்காலத்தில் அந்த டிரையருக்குப் பக்கத்தில் போய் நெருக்கி உட்காருவார்கள். ஒரே கம்பளிக்குள் இரண்டு பேர், மூன்று பேர். தேயிலைத் தூசி உடம்பெல்லாம் அப்பிக்கொள்ள, வேர்வை ஊற்ற ஊற்ற உட்கார்ந்துவிட்டு எழுந்து வருவார்கள். உடம்பு சுட்டால் அவர்களுக்குச் சந்தோஷம். மற்றவர்கள் பயப்படுகிற சூட்டை இவர்கள் தேடிப் போவார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் எங்கள் அறையில் தேவராஜ் என்று ஒரு ஜாக்கி இருந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். பாபு அண்ணன் என்று ஒருவர், நாற்பதை ஒட்டியவர், அறையில் மூத்தவர். பேசினால் சிரிக்காமல் இருக்க முடியாது. இரண்டு பேரும் ஒரே ட்ரெய்னரின் லாயத்துக்குச் சவாரி செய்தார்கள். குதிரைகளைப் பழக்கி, எந்தக் குதிரையில் யார் ஏறுவது என்று முடிவு செய்பவர் அவர்தான். லாயத்துச் சுவரில் ஒரு கரும்பலகை இருக்கும். குதிரையின் பேருக்கு நேரே ஜாக்கியின் பேரைச் சாக்பீசில் எழுதுவார். அந்தக் கரும்பலகைதான் ஜாக்கிகளின் சோறு.

அந்த வாரம் அவருடைய குதிரை ஒன்று காலையில் இருமியது. அவ்வளவுதான். கால்நடை மருத்துவர் வந்தார். குதிரையைத் தனி லாயத்தில் கட்டினார்கள். அதற்குத் தனி வாளி, தனி ஆள். வாசலில் "உள்ளே வராதே" என்று சிவப்பு எழுத்தில் ஒரு தகரத்தைத் தொங்கவிட்டார்கள். பந்தயத்திலிருந்து பேரை எடுத்துவிட்டார்கள். தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாத குதிரையை லாரியிலிருந்து இறக்கவே விடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அப்படிச் சட்டம். நல்ல சட்டம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அடுத்த நாள் தேவராஜ் எடை பார்க்க ஏறினான். முந்தின சாயங்காலம் டிரையருக்குப் போய் பாபு அண்ணனோடு ஒரே கம்பளியில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தான். ஆனால் டிரையர் இறக்கக்கூடியதைவிட அதிகமாக எடை இறங்கியிருந்தது. கண் சிவந்திருந்தது. கையைப் பிடித்துப் பார்த்தேன். கொதித்தது.

"டேய், உனக்கு மட்டும் ஆண்டவன் உடம்புக்குள்ளயே டிரையர் வெச்சுக் குடுத்துட்டான்டா" என்றார் பாபு அண்ணன். அறை முழுக்கச் சிரிப்பு. தேவராஜும் சிரித்தான். ஒருவன் முதுகில் தட்டி, "இன்னிக்கு நீ ரெண்டு இட்லி திங்கலாம்" என்றான். காய்ச்சல்காரனுக்கு வாழ்த்துச் சொல்கிற அறையை நீங்கள் வேறு எங்கும் பார்க்க முடியாது.

நான் ட்ரெய்னரிடம் போனேன். "சார், தேவராஜுக்குக் காய்ச்சலுங்க. இன்னிக்கு ஏத்த வேண்டாமுங்க."

அவர் சிவப்புத் தகரம் தொங்கிய லாயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். திரும்பாமலே சொன்னார்: "குதிரைக்கு வாய் கிடையாது மணி. அதுக்குத்தான் டாக்டர், தகரம் எல்லாம். ஜாக்கி வாய் இருக்கிறவன். முடியலைன்னா அவனே சொல்லட்டும்."

மைதானத்துக்குப் பந்தய நாளில் குன்னூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வருவார். ஆம்புலன்ஸ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். விழுந்தவனைத் தூக்கத்தான் அவரை வைத்திருந்தார்கள். விழாதவனை நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. இருந்தாலும் நான் போய்ச் சொன்னதும் எழுந்து வந்தார்.

"என்னப்பா, காய்ச்சலா?"

"இல்லைங்க டாக்டரம்மா. வேர்வை எடுத்தேனுங்க, அந்தச் சூடு" என்றான் தேவராஜ். அவர் தெர்மாமீட்டரை உதறி வாயில் வைத்தார். அவர் வருவது தெரிந்ததுமே அவன் குழாயடிக்குப் போய்ப் பச்சைத் தண்ணீரை வாயில் வைத்துத் துப்பிவிட்டு வந்திருந்தான். ஊட்டித் தண்ணீர், கேட்க வேண்டுமா? பாதரசம் ஏறவே இல்லை. அவர் அவன் கண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பொய் சொல்றான்னு தெரியுது மணி. ஆனா நிறுத்த எனக்கு ஒரு காகிதம்கூட யாரும் குடுக்கலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு அவன் ஜெயித்தான். ட்ரெய்னர் என்னைத் தேடி வந்து, "பாத்தியா?" என்றார். அந்த ஒரு வெற்றி எங்கள் எல்லோருக்கும் செய்த கெடுதலை எந்தத் தோல்வியும் செய்திருக்காது.

மறுநாள் காலை அவன் முகத்திலும் மார்பிலும் கொப்புளம். அம்மை போட்டிருந்தது. பெரியம்மை இல்லை, அது எப்போதோ ஒழிந்துவிட்டது. இது சின்னம்மை. ஊட்டி காந்தல் பகுதியில் அவன் தங்கியிருந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் கரும்பலகையில் அவன் பேரை ஈரத்துணியால்கூட அழிக்கவில்லை, உள்ளங்கையால் தேய்த்துவிட்டு மேலேயே இன்னொருவன் பேரை எழுதியிருந்தார்கள். தேய்த்த வெள்ளைக்கு அடியில் "தேவ" என்ற எழுத்து தெரிந்துகொண்டே இருந்தது. அடுத்த நாள் காலையில் சவாரிக்கு வந்த ஒவ்வொரு ஜாக்கியும் அதைப் பார்த்தான்.

விஷயம் தெரிந்ததும் டாக்டரம்மா குன்னூரிலிருந்து வந்து கூட்டம் கேட்டார். கேண்டீன் தகரக் கொட்டகையில் ட்ரெய்னர்களும் ஜாக்கிகளும் நானும் கூடினோம்.

"சின்ன வயசுல அம்மை போட்டவங்க கை தூக்குங்க" என்றார். பெரும்பாலும் எல்லோரும் தூக்கினார்கள். பாபு அண்ணனும் வேறு சிலரும் தூக்கவில்லை. "உங்களுக்காகத்தான் வந்திருக்கேன். பெரியவங்களுக்கு இது வந்தா நுரையீரல்ல இறங்கும். இதுக்குத் தடுப்பூசி இருக்கு. அவனோட ஒண்ணா இருந்தவங்க இப்பவே போட்டுக்கிட்டா தப்பிக்க வழி உண்டு. தள்ளிப்போட்டா பிரயோசனம் இல்லை. கோயமுத்தூர்ல மருந்து கிடைக்கும். நானே ஆள் அனுப்பி ஐஸ்ல வெச்சு எடுத்துட்டு வர்றேன்."

"அம்மைக்கு ஊசி போட்டா ஆத்தா கோவிச்சுக்க மாட்டாளுங்களா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான்.

"பெரியம்மைக்குப் போட்டப்ப கோவிச்சுக்கிட்டாளா? ஊருக்குப் போனா உங்கம்மா கையைப் பாரு, தழும்பு இருக்கும்."

பாபு அண்ணன் எழுந்தார். "போட்டா காய்ச்சல் வருமுங்களா?"

"சிலருக்குக் கை வலிக்கும், லேசா உடம்பு காயும். பொய் சொல்ல மாட்டேன்."

"சனிக்கிழமை பெரிய ரேஸுங்க டாக்டரம்மா. கை வலிச்சா கடிவாளத்தை எதுல புடிக்கறது, பல்லுலயா?" கொட்டகை சிரித்தது. பாபு அண்ணன் மட்டும் சிரிக்காமல் உட்கார்ந்தார். அதை நான் கவனித்தேன்.

அப்போது எங்கள் ட்ரெய்னர் பேசினார். அவர் முட்டாள் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். "குதிரை எங்க சொத்து டாக்டர். அதனால ஊசி போடறோம். ஜாக்கி எங்க சொத்தா? ஒரு மனுசன் கையில கட்டாயமா ஊசி குத்த நான் யாரு? அவன் உடம்பு அவன் இஷ்டம். அதுதானே மரியாதை?"

கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. பலர் தலையாட்டினார்கள், நீங்கள் ஆட்டின மாதிரி.

டாக்டரம்மா அவரையே பார்த்தார். "அவன் உடம்பு அவன் இஷ்டம்னா, நேத்து ராத்திரி எத்தனை இட்லி தின்னான்னு எதுக்குக் கேக்கறீங்க?"

ஜாக்கிகள் ட்ரெய்னரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சரி, கட்டாயம் வேண்டாம்" என்றார் டாக்டரம்மா. "ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. ஊசி போட்டு ரெண்டு நாள் படுத்தாலும், காய்ச்சல்னு சொல்லி ரெண்டு வாரம் படுத்தாலும், அவன் ஏறிக்கிட்டிருந்த குதிரை அவனுக்கே இருக்கும்னு எழுதுங்க. நான் யாரையும் கூப்பிட மாட்டேன். அவங்களே வரிசையில நிப்பாங்க."

"அது எப்படி முடியும் டாக்டர்? இவனுக்காக இடத்தைக் காலியா வெச்சுக்கிட்டு நிக்க முடியுமா?"

"நிக்கறீங்களே. இருமின குதிரையோட லாயத்தை நீங்க யாருக்கும் குடுக்கலையே."

ட்ரெய்னர்கள் எழுந்து போய்விட்டார்கள். மறுநாள் அறை வாசலில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். ஜாக்கிகள் தங்கள் உடல்நலத்தில் கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்படுகிறார்கள் என்று. குதிரைக்குச் சட்டம், மனிதனுக்கு அறிவுரை. இன்றைக்கும் அந்த அறிவுறுத்தப்படுகிறார்கள் என்ற சொல்லை எங்கே பார்த்தாலும் கிழித்துப்போடத் தோன்றுகிறது.

நான் பாபு அண்ணனைத் தனியாகப் பிடித்தேன். "அண்ணா, போட்டுக்குங்க. ஒரே கம்பளியில உக்காந்திருந்தீங்க."

"ரேஸ் முடியட்டும் மணி."

"முடிஞ்சா பிரயோசனம் இல்லைன்னு அந்தம்மா சொல்லுச்சுங்களே."

அவர் லாயத்துப் பக்கம் தாடையால் காட்டினார். "அந்தப் பலகையில தேவராஜ் பேரைத் தேய்ச்சுட்டு மேல எழுதுன சாக்பீசு இன்னும் அங்கயே இருக்குது. எனக்கு வயசு நாப்பது. என் பேரைத் தேய்ச்சாங்கன்னா திரும்ப எழுதமாட்டாங்க."

சனிக்கிழமை ஏறினார். மூன்றாவதாக வந்தார். நாட்கள் போயின. ஒன்றும் வரவில்லை என்று அறையில் எல்லோரும் நினைத்தார்கள். டாக்டரம்மாவைக் கேலிகூடப் பேசினார்கள். பிறகு ஒரு காலை, மூடுபனியில் குதிரைகளை ஓட்டிப் பழக்குகிற நேரம், பாபு அண்ணன் ஏறிய குதிரை மெல்ல நடந்து திரும்பி வந்தது. அவர் விழவில்லை. கழுத்தைக் கட்டிக்கொண்டு குதிரையின் மேல் படுத்திருந்தார். இறக்கினோம். மூச்சு இழுத்தது. சட்டையைத் திறந்தால் மார்பு முழுக்கக் கொப்புளம். காய்ச்சல் முந்தின நாளே வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. கம்பளியை இறுக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

ஆம்புலன்ஸ் மலைப்பாதையில் கோயமுத்தூருக்கு இறங்கியபோது டாக்டரம்மாவும் நானும் உள்ளே இருந்தோம். அவர் ஆக்சிஜன் முகமூடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரிடம் கேட்க ஒன்று இருந்தது. "ஏனுங்கம்மா, இவ்வளவு தெரிஞ்சும் ஏன் மறைச்சாரு?"

"காய்ச்சலுக்குப் பயந்து யாரும் காய்ச்சலை மறைக்கறதில்லை மணி. அந்தச் சாக்பீசுக்குப் பயந்து மறைக்கறாங்க" என்றார். அடுத்த சீசனுக்கு அவரைக் கூப்பிடவில்லை. அவரும் வரவில்லை.

பாபு அண்ணன் பிழைத்தார். மூச்சுதான் பிழைக்கவில்லை.

சீசனின் கடைசி வாரத்தில் அவர் மனைவி விஜயா அக்கா அறைக்கு வந்தார், அவருடைய சாமான்களை எடுத்துப் போக. எங்கள் அறை மேல்மாடியில். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீழே டாக்ஸியில் பாபு அண்ணன் உட்கார்ந்திருந்தார். மாடிப்படி ஏற முடியவில்லை. என்னைப் பார்த்துக் கையை மட்டும் தூக்கினார். எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்ல மூச்சு வேண்டுமே.

சேணத்தைத் துடைத்து, பூட்ஸைத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். அதே நேரம் ஜன்னலுக்கு நேரே இருமிய குதிரையை நடத்திக்கொண்டு போனார்கள். ஓய்வெடுத்து, கொள்ளு தின்று, உடம்பு பளபளவென்று இருந்தது. கடைசிப் பந்தயத்தில் ஓடப்போகிறது. குதிரைக்காரன் அந்தச் சிவப்புத் தகரத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

விஜயா அக்கா அதைப் பார்த்தார். அழவில்லை. "ஏனுங்க மணி, அது இருமுனதுக்கு அந்தத் தகரத்தைக் கட்டுனீங்க. தேவராஜுத் தம்பி இங்க உக்காந்து கொதிச்சப்ப இந்த ரூமுக்கு ஏனுங்க கட்டல?"

"நாங்க சொன்னமுங்க அக்கா..."

"சொன்னீங்க" என்றார். "கட்டலியே."

சாமானைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார்.

பிள்ளைகளே, அந்த ட்ரெய்னர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவில் பாதியை அவரே கொடுத்தார் என்று கேள்வி. தேவராஜ் மேலும் எனக்குக் கோபம் இல்லை. பச்சைத் தண்ணீரை வாயில் வைத்துத் துப்பின அவன் செய்ததைத்தான் உங்கள் ஓட்டக்காரர்களும் செய்வார்கள். காய்ச்சல் மாத்திரையை முழுங்கிவிட்டு உங்கள் முன்னால் வந்து நிற்பார்கள். சிரித்துக்கொண்டு நிற்பார்கள். வாய் இருக்கிறவன் சொல்லட்டும் என்பது எவ்வளவு பெரிய பொய் என்பதற்காக மட்டும்தான் இவ்வளவும் எழுதினேன். மாநில அணிக்கு ஓட ஒரே ஒரு இடம் இருக்கிறது, பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள் என்றால் அவனுக்கு வாய் எங்கே இருக்கிறது? அவனுக்காகச் சட்டம்தான் பேச வேண்டும். நீங்கள் பேச வேண்டும்.

தடுப்பூசி கட்டாயமா இல்லையா என்று படித்தவர்கள் பேசட்டும். உடம்பு ஒத்துக்கொள்ளாதவன் இருப்பான், அவனை டாக்டர் பார்க்கட்டும். காய்ச்சலுக்கு எத்தனை நாள் ஓய்வு என்பதையும் டாக்டரே சொல்லட்டும், பயிற்சியாளர் சொல்ல வேண்டாம். ஆனால் அடுத்த கூட்டத்தில் நீங்கள் தலையாட்டாதீர்கள். எழுந்து நின்று ஒன்று கேளுங்கள்: படுக்கிறவனுடைய இடம் அவனுக்கே இருக்குமா என்று. அது எப்படி முடியும் என்பார்கள். குதிரைக்கு முடிந்தது, மணி பார்த்திருக்கிறார் என்று என் பேரைச் சொல்லுங்கள். உங்கள் வேலைக்கு ஆபத்து வரும் என்று பயமாக இருக்கும். இருக்கட்டும். அந்தப் பயம்தான் அவனுக்கும்.

உன் பேரை அழிக்க மாட்டோம் என்று முதலில் எழுதி அவன் கண்ணில் படுகிற சுவரில் ஒட்டுங்கள். அப்புறம் அவன் நாக்குக்கு அடியில் தெர்மாமீட்டரை வையுங்கள்.